மூன்றாம் பாகத்தை விட்டுவிடாதீர்கள்: ஹெபலின் ‘நீபெலுங்கன்’

ஜெர்மன் நாடகாசிரியர் ஃப்ரீட்ரிஷ் ஹெபலின் ‘நீபெலுங்கன்’ நாடகத்தை வாசிக்கப் போகிறவர்கள், நாயகன் ஸீக்ஃப்ரீட் செத்ததும் கதை முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். 1200 வாக்கில் எழுந்த ஜெர்மன் வீரகாவியத்தை ஹெபல் மூன்று பாகமாக எழுதினார். 1861 மே மாதம் ஜெர்மனியின் வைமர் நகரில் முழுதாக மேடையேறியபோது இரண்டு இரவு தேவைப்பட்டது, அவ்வளவு நீளம்.

முதல் பாகம் சின்னது, கொஞ்சம் இழுவை. ஸீக்ஃப்ரீட் தன் பழைய சாகசங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். இரண்டாம் பாகத்தில், வோர்ம்ஸ் நகரத் தேவாலய வாசலில் யார் முதலில் நுழைவது என்று ஸீக்ஃப்ரீடின் மனைவி க்ரீம்ஹில்டே, அவள் அண்ணன் மனைவி ப்ரூன்ஹில்டே என்ற இரண்டு ராணிகளும் மோதிக்கொண்ட பிறகு வேகம் குறையவே இல்லை. போரில் கணவனைக் காப்பாற்றுவான் என்று நம்பி, அவன் உடம்பில் ஆயுதம் ஏறக்கூடிய ஒரே இடத்தை க்ரீம்ஹில்டே தன் அண்ணனின் வீரன் ஹாகனிடம் சொல்லிவிடுகிறாள், அடையாளத்துக்கு ஆடையில் சின்னச் சிலுவையும் தைத்துவிடுகிறாள். அவ்வளவுதான், வேட்டைக்குப் போன காட்டில் ஹாகனின் ஈட்டிக்கு அது போதும்.

ஆனால் பிணத்தின் முன்னால் அவள் பழி கேட்கவில்லை, நியாய விசாரணை கேட்கிறாள்! தீர்ப்புச் சொல்ல வேண்டிய ராஜா குந்தர் அவள் சொந்த அண்ணன், அவனே கொலைகாரனுக்குப் பாதுகாப்பு. என்னைப் பொறுத்தவரை நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மூன்றாம் பாகத் தொடக்கத்தில் விதவையாக அவள் பறவைகளுக்கும் ஓர் அணிலுக்கும் தீனி போட்டுக்கொண்டு இருக்கிறாள், மனிதர்கள் மேல் நம்பிக்கை போனவள் மிருகங்களிடம் ஒட்டிக்கொள்கிறாள். ஹூணர்களின் அரசன் எட்ஸலுக்காகப் பெண் கேட்டு வரும் ரூடிகரிடம், நான் கேட்கும் எந்த உதவியையும் மறுக்க மாட்டேன் என்று அவள் சத்தியம் வாங்கிக்கொள்வதும் இந்தப் பாகத்தில்தான். அந்த நல்ல மனுஷன் பின்னால் தன் மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையான க்ரீம்ஹில்டேயின் தம்பி இருக்கும் பக்கத்தையே எதிர்த்து வாளெடுக்க வேண்டி வருகிறது, அவர் மண்டியிட்டுக் கெஞ்சும் இடத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. கடைசிவரை அவள் கேட்பது ஹாகன் ஒருவனைத்தான், அண்ணன் தம்பிகள் விட்டுக்கொடுக்க மறுப்பதால்தான், அவர்கள் விருந்தாளிகளாக வந்து தங்கிய எட்ஸலின் மண்டபமே எரிகிறது.

1943 ஜனவரியில், ஸ்டாலின்கிராடில் செத்துக்கொண்டிருந்த ஜெர்மன் சிப்பாய்களுக்கு ஹிட்லரின் விமானப்படைத் தலைவன் கோரிங் இந்த எரியும் மண்டபத்தைத்தான் வீரத்தின் உதாரணமாகக் காட்டினான். எனக்கு ஆத்திரமாக வருகிறது, ஏனென்றால் ஹெபலின் நாடகத்தில் ஹாகனை விட்டுக்கொடுக்காத அந்த விசுவாசம் ஒரு கொலையை மூடிமறைக்கத்தான் பயன்படுகிறது, அதற்கு விலையாக ஓர் அரச குலமே அழிகிறது.

சரி, எப்படிப் படிப்பது? ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, செய்யுள் என்றாலும் வசனங்கள் பேச்சுபோல ஓடும். ஆள்பெயர்கள் குழப்பும், ஒரு தாளில் உறவுமுறையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பார்க்க வாய்ப்பு வந்தால், டிக்கெட் எடுக்கும் முன் மூன்றாம் பாகமும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.