குடல்வால் அழற்சி: அறுவைச் சிகிச்சையா, ஆன்டிபயாடிக் மருந்தா?

தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டால், குடல்வாலை அகற்றுவதே நெடுங்காலமாக ஒரே வழியாக இருந்தது. குடல்வால் வெடிக்காத நிலையில், இன்று ஆன்டிபயாடிக் மருந்தும் ஏற்கத்தக்க மாற்றாகிவிட்டது.

பின்லாந்தில் 530 பேரிடம் நடந்த ஆப்பாக் ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களுள் 27 சதவீதத்தினர் ஓராண்டுக்குள்ளும், மொத்தத்தில் 39 சதவீதத்தினர் ஐந்தாண்டுக்குள்ளும் அறுவைக்கு வர நேர்ந்தது. மறுபுறம் பார்த்தால், பத்தில் ஆறு பேர் கத்தி படாமலே தப்பினார்கள். ஐந்தாண்டுச் சிக்கல்கள் அறுவைப் பிரிவில் 24 சதவீதம், மருந்துப் பிரிவில் 6.5 சதவீதம். ஆனால் அங்கே பெரும்பாலும் வயிற்றைத் திறந்தே அறுவை செய்யப்பட்டதால், மூன்று சிறு துளைகளில் முடிந்துவிடும் இன்றைய லேப்பராஸ்கோப்பிக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது நியாயமாகாது.

முடிவைப் பெரிதும் மாற்றுவது சிடி ஸ்கேனில் தெரியும் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி, அதாவது குடல்வாலுக்குள் மலம் இறுகி உண்டான கல். 2020இல் வெளியான அமெரிக்காவின் கோடா ஆய்வில், மருந்து பெற்றவர்களுள் இக்கல் இருந்தோரில் 41 சதவீதத்தினருக்கு 90 நாட்களுக்குள் அறுவை தேவைப்பட்டது. இல்லாதோரில் 25 சதவீதத்தினருக்கே. கல் இருந்தால் அறுவையே மேல் என்பது என் கருத்து. கல் இல்லாதவர் மருந்தை நம்பலாம். ஆனால் வலி திரும்பினால் நள்ளிரவிலும் சென்றுசேரக்கூடிய தொலைவில் மருத்துவமனை இருக்க வேண்டும்.