உவர்மலையில கோவத்துக்கு கவுன்சிலிங் போன அனுபவம்

கோவம் கூடிப்போச்சு, கவுன்சிலிங் போவமோ எண்டு யோசிக்கிற ஆக்கள் ஒருக்கா வாசியுங்கோ. நான் போனது திருகோணமலை உவர்மலைப் பக்கம் ஒரு தனியார் இடத்துக்கு, குறையும் எழுதப்போறன் எண்டபடியா பேர் போடேல்ல.

எனக்கு அனுராதபுரச் சந்தியில ஹாட்வெயார் கடை. கடையில சத்தமே போடமாட்டன், கடன் வாங்கினவன் ஆறு மாசம் ஏமாத்தினாலும் சிரிச்சுத்தான் அனுப்புவன், வீட்ட வந்து சோத்துக் கோப்பையைத் தள்ளிவிடுறது. போன மாசியில மூத்தவன் ரியூசன் முடிஞ்சு எட்டு மணிக்கு வரவேண்டியவன் ஒன்பதரைக்கு வர, வாசல்லயே கை நீட்டிப்போட்டன். அதுக்குப் பிறகு அவன் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல. மனுசிதான் புக் பண்ணினவ.

முதல் நாள் புத்திமதி ஒண்டும் இல்லை, அதே எனக்குப் பெரிய ஆறுதல். ஸ்பீல்பெர்கர் எண்ட அமெரிக்க உளவியலாளர் செய்த கேள்விக்கொத்து, 57 வசனம், ஒவ்வொண்டுக்கும் 1 இல இருந்து 4 வரைக்கும் போடோணும். கோவத்தை வெளியில கொட்டுறது, உள்ளுக்க அடக்கிறது, கட்டுப்படுத்துறது எண்டு தனித்தனியாப் பார்க்கினம். கொட்டுறதுதான் என்ர பிரச்சினை எண்டு நினைச்சுக்கொண்டு போனன், ஆனா அடக்கிறதிலதான் கூட வந்தது, கடையில விழுங்கினதெல்லாம் வீட்டிலதான் இறங்குது எண்டு கவுன்சிலிங் செய்த மிஸ் சொல்லேக்க மனுசி தலையாட்டினவ.

பிறகு அந்த ஒன்பதரை மணிக் கதையை ஆறுதலாக் கேட்டவ. "கோவம் வர முதல் என்ன வந்தது அண்ணை?" ஒண்டும் இல்லை, கோவம்தான் எண்டன். "எட்டேகாலுக்கு என்ன செய்தீங்கள்?" கேற்றடியில நிண்டன். "எட்டரைக்கு?" போன் அடிச்சன், எடுக்கேல்ல. "ஒன்பதுக்கு?" மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு உட்துறைமுக வீதி முழுக்கப் போனன், எங்கயாவது அக்சிடென்ட் எண்டு சனம் கூடி நிக்குதோ எண்டு பாத்துப் பாத்து. அதோட அவ கேள்வியை நிப்பாட்டிப்போட்டா. பயம் எண்ட சொல்லை நான்தான் சொன்னன், சொல்லேக்க குரல் அடைச்சுப்போச்சு.

அடுத்த கிழமை கதைக்கிற, கேக்கிற விதத்தைப் பார்த்தவ. மனுசி ரெண்டு நிமிசம் கதைக்க நான் குறுக்க விழாமக் கேட்டு, அவ சொன்னதை அப்பிடியே திருப்பிச் சொல்லோணும், அவ்வளவுதான். மூண்டு தரமும் என்ர வாயில வந்தது அவ சொன்னது இல்லை, அதுக்கு என்ர மறுமொழி. கலியாணம் கட்டி 19 வருசம். நாலாம் தரம்தான் சரியாச் சொன்னன்: "உங்கட மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டா பிள்ளையள் ரீவியை நிப்பாட்டுதுகள்."

குறை எண்டா, போர்ம் முழுக்க புத்தகத் தமிழ், சினவுணர்வு எண்டெல்லாம் கிடக்கு, மிஸ் வாசிச்சு விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போச்சு. அதை விடப் பெரிய பிழை, அறைக்கு நடுவில வெறும் பலகைத் தட்டி, அடுத்த பக்கம் ஆரோ அழுறது கேக்குது, அப்ப என்ர கதை அங்கால கேட்டிருக்காதோ? இப்பிடியான இடத்துக்கு இது கட்டாயம் மாத்தவேண்டிய விசயம், நேரில சொல்லியும் போட்டன்.

காசு எவ்வளவு எண்டு முதலே சொல்லுவினம். கட்ட ஏலாட்டி அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போங்கோ, காசில்லை, நேர போக வெக்கமெண்டா 1926 எண்ட மனநல உதவி போன் நம்பருக்கு அடிச்சுக் கதைக்கலாம்.

வாற சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். இன்னும் அவனிட்டக் கேக்கேல்ல.