கொட்டேஷன் அனுப்பியாச்சு, அப்புறம்? ஜிமெயிலிலேயே ஃபாலோ-அப் ஓட்டும் அனுபவம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து உதிரிபாகக் கம்பெனிகள். கிராஃப்ட் பேப்பர் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் எங்கள் கொட்டேஷனுக்குப் பதினைந்து நாள்தான் ஆயுள். அதற்குள் விடாமல் கேட்டாக வேண்டும். இதற்கென்று, வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் தொடர்ந்து கவனிக்க உதவும் ஒரு சி.ஆர்.எம். மென்பொருளுக்குச் சந்தா கட்டிப் பார்த்தோம். மெயிலில் வந்ததையே அதில் மறுபடி டைப் அடிக்க யாருக்கும் பொறுமை இல்லை. சில வருடங்களாக எல்லாம் ஜிமெயிலிலேயே ஓடுகிறது.

அதிகம் கைகொடுப்பது ஸ்னூஸ் வசதிதான். கொட்டேஷன் போன கையோடு அந்த மெயிலை ஐந்து நாள் தள்ளி, காலை பத்தரைக்கு ஸ்னூஸ் செய்துவிடுவேன். இன்பாக்ஸிலிருந்து மறைந்து, சொன்ன நேரத்துக்கு மேலே வந்து நிற்கும். திறந்தால் அட்டை மூன்று பிளையா ஐந்து பிளையா (எத்தனை அடுக்கு), பெட்டியின் அளவு என்ன, என்ன ரேட் சொன்னோம் என்பதெல்லாம் கண்ணெதிரே இருக்கும். பார்த்துக்கொண்டே போன் போடலாம். "சார், ரேட் கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்று அவர் இழுக்கும்போது தடுமாற வேண்டியதில்லை. நடுவில் அவரே பதில் போட்டுவிட்டால் மெயில் தானாக இன்பாக்ஸுக்கு வந்துவிடும்.

இதையே ஷெட்யூல் சென்ட் (மெயிலை முன்பே எழுதி, குறித்த நேரத்தில் தானாகப் போகவைப்பது) வைத்துச் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒன்பது மணிக்கு அவர்கள் பி.ஓ. (கொள்முதல் ஆர்டர்) அனுப்பியிருந்தாலும், பத்து மணிக்கு வைத்த நினைவூட்டல் அது பாட்டுக்குப் போய் நிற்கும். பதில் வந்ததா என்று அது பார்க்காது.

மெயில்களை வகை பிரிக்கும் லேபிளை ஆள் பெயரில் போடாமல் கம்பெனி பெயரில் போடுங்கள். பர்ச்சேஸில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கம்பெனி டொமைனை (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) வைத்து ஒரு ஃபில்டர் போட்டுவிட்டால், நேற்று சேர்ந்தவர் அனுப்பும் மெயிலும் அதே லேபிளில் விழும். சப்ஜெக்ட்டை மாற்றிப் பதில் அனுப்பும் ஆட்களுக்கும் இதுதான் மருந்து. ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும், ஆனால் லேபிளைத் திறந்தால் இரண்டும் அடுத்தடுத்துக் கிடைக்கும்.

பேமென்ட் கேட்பதற்கு டெம்ப்ளேட் வைத்திருக்கிறோம். பில் எண், தேதி, நாள் கணக்கு, எங்கள் உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) எண், அவ்வளவுதான். 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 43பி(எச்) ஆக 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி எங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளர்களுக்குப் பெரிய பலம். பணம் கொடுக்க, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதைத் தாண்டினால், பணம் கொடுக்கும் வருடத்தில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். மிரட்டல் தொனியே தேவையில்லை. உத்யம் எண்ணைப் பார்த்தாலே அவர்கள் அக்கவுண்ட்ஸுக்குப் புரியும், அதிலும் மார்ச் நெருங்கும்போது நன்றாகவே புரியும்.

உதைக்கும் இடம் வாட்ஸ்அப். பி.ஓ. மெயிலில் வரும், "ரெண்டாயிரம் பெட்டி கூட சேத்து அனுப்புங்க" என்பது வாட்ஸ்அப்பில் வரும். போனை வைத்ததும் "பேசியபடி" என்று தொடங்கி அதே மெயிலுக்கு ஒரு பதில் தட்டிவிடுகிறேன். மறுநாள் கணக்கில் தகராறு வந்தால் இரண்டு தரப்புக்கும் காட்ட ஒன்று இருக்கும். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை.

எத்தனை கொட்டேஷன் ஆர்டராக மாறியது என்று கேட்டால் ஜிமெயில் சொல்லாது. அதற்கு இன்னும் எக்செல்தான். ஸ்னூஸும் அவரவர் கணக்கோடு சரி, லீவில் போனவர் என்ன தள்ளி வைத்தார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. விற்பனைக்கென்றே நாலைந்து பேர் இருக்கும் இடத்தில் நான் இதைச் சொல்லமாட்டேன், அங்கே முறையான சி.ஆர்.எம். வாங்குவதே சரி. எங்கள் ஆபீசில் மெயில் பார்ப்பது நானும் அக்கவுண்ட்ஸ் மேடமும் மட்டும்தான்.