ஆறு வருடம் ஓர் இ-ரீடரோடு: உலக இலக்கியம் படித்த அனுபவம்

இ-ரீடர் என்கிற மின்னூல் படிக்கும் கருவியை வாங்கும்போது மனதில் இருந்த கணக்கு எளிது. பழைய உலக இலக்கியம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; இறக்கி வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். முதல் வாரத்திலேயே 200 புத்தகம் இறக்கினேன். ஆறு வருடத்தில் முழுதாகப் படித்தது முப்பதுகூடத் தேறாது. சரி, அது கருவியின் குற்றமில்லை.

கருவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண் வலிக்கவில்லை, சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. நான்காம் வருடம் திரை ஓரத்தில் ஒரு கோடு விழுந்தது, இன்னும் ஓடுகிறது. ரஷ்ய நாவல் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம்: ஒரே ஆளை நான்கு பெயரில் கூப்பிடுவார்கள், 'இது யாருடா' என்று குழம்பினால் பெயரைத் தேடி அவர் முதலில் வந்த இடத்துக்கே போய்விடலாம்.

விஷயமே புத்தகங்களில்தான். மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய இலவச மின்னூல் தளமான புராஜெக்ட் குட்டன்பர்க்கில் இன்று 70,000க்கும் மேல் மின்னூல்கள். பெரும்பாலும் காப்புரிமை முடிந்தவை. ஆகவே மொழிபெயர்ப்புகளும் தாத்தா காலத்தவை. இது எனக்கு உறைத்தது ஜூல் வெர்னின் நீர்மூழ்கி நாவலில். கதைசொல்லும் பேராசிரியர், நெப்ராஸ்காவின் 'விரும்பத்தகாத' பிரதேசத்தில் ஆய்வு முடித்து வந்ததாகச் சொல்கிறார். ஒரு விஞ்ஞானி ஏன் இப்படி முகம் சுளிக்கிறார்? மூலத்தில் இருப்பது 'பேட்லாண்ட்ஸ்' என்ற நிலப்பகுதி; சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கெட்ட நிலம்'. 1870களில் ஆங்கிலமாக்கிய லூயிஸ் மெர்சியர் அது பெயரென்று தெரியாமல் அர்த்தம் பண்ணிவிட்டார். போதாததற்கு நாவலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெட்டியிருக்கிறார். எஃப். பி. வால்டர் பின்னாளில் செய்த முழு மொழிபெயர்ப்பும் அதே இடத்தில் இலவசமாகவே கிடக்கிறது. தேடாதது என் தப்பு.

அதன்பின் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்க்காமல் எதையும் இறக்குவதில்லை. அப்படிப் பார்த்ததில்தான் 'மதாம் பொவாரி' என்ற பிரெஞ்சு நாவலை 1886இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினார் என்று தெரிந்தது. ரஷ்யர்கள் பக்கம் போனால் எங்கும் கான்ஸ்டன்ஸ் கார்னெட் என்ற மொழிபெயர்ப்பாளர்தான். எல்லோரையும் ஒரே குரலில் பேசவைக்கிறார் என்று அவர்மேல் புகார் உண்டு. செகாவில் எனக்கு அது உறுத்தவில்லை. 'நாய்க்காரச் சீமாட்டி' கதையில் அந்தப் பெண் குற்ற உணர்வில் இடிந்து உட்கார்ந்திருக்க, அவள் காதலன் குரோவ் தர்பூசணியில் ஒரு கீற்று வெட்டி நிதானமாகத் தின்கிறான். அரைமணி நேரம் பேச்சே இல்லை. அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். திரை தானாக அணைந்தது.

சமகால எழுத்துக்கு இலவசக் கணக்கு செல்லாது. அதற்குச் சர்வதேச புக்கர் பரிசுப் பட்டியலைப் பிடித்துக்கொண்டேன். 2016 முதல் வருடந்தோறும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட ஒரு நூலுக்கு அந்தப் பரிசைத் தருகிறார்கள். பரிசுப் பணம் எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. அந்த வருடம் பெற்றது ஹான் காங்கின் கொரிய நாவல். ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் படித்து, வரிகள் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று வியந்தேன்.

அப்புறம் 2023இல் பெருமாள் முருகனின் 'பூக்குழி' நெடும்பட்டியலில் வந்தது. தமிழில் படித்திருந்த தைரியத்தில் ஆங்கிலத்தையும் எடுத்தேன். கதை சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாமியார் வாயிலிருந்து வரும் வசவுக்குத்தான் காரம் பாதியாகிவிட்டது. உடனே அந்தக் கொரிய நாவலை மறுபடி திறந்தேன். சுத்தமாக இருக்கிறதென்று நான் அடிக்கோடிட்ட வரிகளெல்லாம் இப்போது சந்தேகப் பட்டியலில். கொரியம் தெரிந்த யாராவது சிக்கினால் கேட்கவேண்டும்.