செக்யூரிட்டி ஏஜென்சி வைக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வையுங்கள்: எனக்குப் போனது ரூ.5,58,040

நேற்று சாயங்காலம் அந்த ஏஜென்சி மேலாளர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பன்னிரண்டு நாளாகப் பொறுமையாகப் பேசிப் பார்த்தேன். இனி பேச ஆள் இல்லை என்று ஆனதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. புகார் போலீஸில் இருக்கிறது.

மோட்டார் வைண்டிங் கம்பி வாங்கி விற்பது என் தொழில். ஊருக்கு வெளியே ஒரு குடோன். உள்ளே எந்நேரமும் காப்பர் ஸ்பூல் இருக்கும். காப்பர் இருக்கிற இடத்தை ராத்திரி வெறும் பூட்டை நம்பி விட்டுவிட்டு வர முடியாது. அதனால் எட்டு மணி நேர ஷிப்ட், மூன்று காவலாளிகள் என்று ஒரு தனியார் ஏஜென்சியோடு ஒப்பந்தம் போட்டேன். ஆளுக்கு மாதம் ரூ.18,000, மூன்று பேருக்கு ரூ.54,000. முன்பணமாக இன்னொரு ரூ.54,000. ஏழு மாதம் ஒரு நாள்கூடத் தள்ளாமல் பணம் கொடுத்தேன்.

எப்படி நம்பினேன் என்று வீட்டில் கேட்கிறார்கள். சொல்கிறேன். முதல் நாள் வந்த மேலாளர் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. "முதலில் இடத்தைப் பார்த்துவிடுகிறேன் சார்" என்று குடோனைச் சுற்றி நடந்தார். பின்சுவர் ஓரமாக நின்று, "இங்கே லைட் இல்லை பாருங்கள். ஏறுகிறவன் இந்த வழியாகத்தான் ஏறுவான்" என்றார். மூன்று வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டிப் போகிறேன், எனக்கு அது தோன்றவில்லை. தொழில் தெரிந்த மனிதர் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அப்புறம் அவர் சொன்னதெல்லாம் எனக்கு உண்மையாகவே பட்டது. எல்லாருமே முன்னாள் ராணுவத்தினர் என்றார், சரி என்றேன். பிளாஸ்டிக் உறை போட்ட லைசென்ஸ் நகலைக் காட்டினார், முத்திரை இருந்தது, சரி என்றேன். அதில் இருந்த மாநிலத்தின் பெயரையும் தேதியையும் படிக்கவில்லை. இப்போது படித்தேன். வேறு மாநிலத்துக்கு வாங்கியது. அதுவும் ஐந்து வருஷக் காலம் முடிந்து காலாவதியானது.

தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கென்று 2005-இல் வந்த சட்டம் இருக்கிறது. எந்த மாநிலத்தில் ஆள் வைக்கிறார்களோ அந்த மாநிலத்தின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். காவலாளியின் பின்னணி விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும், வயது 65-ஐத் தாண்டக் கூடாது, கையில் புகைப்படத்தோடு அடையாள அட்டை இருக்க வேண்டும். வகுப்பில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும் பயிற்சி என்று அந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. எல்லாம் திருட்டு போன பிறகு நான் தெரிந்துகொண்டவை.

திருட்டு இப்படி. ராத்திரி ஷிப்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் ஊருக்குப் போனார். ஏஜென்சி வேறு ஒருவனை அனுப்பியது. அடையாள அட்டை இல்லை, பெயரைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை. சாவி வழக்கம்போலக் காவலாளி பூத்தில் ஆணியில் தொங்கியது. இரண்டாம் நாள் காலையில் போனால் ஷட்டர் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறது, உள்ளே 11 ஸ்பூலைக் காணோம். அடக்க விலையில் ரூ.3,10,000. அந்த ஆளையும் காணோம். பூட்டு உடையவில்லை, சுவர் இடியவில்லை. அதனால் இன்சூரன்ஸும் கிடைக்காது, பலவந்தமாக நுழைந்த தடயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பெரியவர் திரும்பி வந்ததும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை அவர் முன்னால் விரித்தேன். மூன்று பெயர், மூன்று கையெழுத்து, எல்லாம் ஒரே நீலப் பேனா. அவர் ஊரில் இருந்த அந்த இரண்டு ராத்திரிக்கும்கூட அவர் பெயருக்கு நேராகச் சுழித்து ஒரு கையெழுத்து இருந்தது. "இது உங்களுடையதா?" என்றேன். பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கையெழுத்து வராது தம்பி. கைநாட்டுதான். சூப்பர்வைசர் மாசக் கடைசியில் வந்து மொத்தமாகப் போட்டுக்கொள்வார்" என்றார்.

மூன்றாவது ஆள் என்று ஒருவர் இருந்ததே இல்லை. பகலில் ஒருவர், ராத்திரியில் இவர், பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரம். அவருக்குக் கையில் கிடைத்தது ரூ.9,500. வயது 68. ராணுவத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "பயிற்சி கொடுத்தார்களா?" என்று கேட்டதற்கு, "சட்டை கொடுத்தார்கள்" என்றார். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தது. அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறேன்.

இல்லாத ஆளுக்கு ஏழு மாதம் நான் கட்டியது ரூ.1,26,000.

இன்னொன்றை ஆடிட்டர் கண்டுபிடித்தார். மாதா மாதம் பில்லில் 18% ஜிஎஸ்டி போட்டு வாங்கினார்கள், மொத்தம் ரூ.68,040. ஏஜென்சி தனி நபர் பெயரில் நடக்கிறது. அப்படிப்பட்ட ஏஜென்சி, ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழிலுக்குக் காவலாளி அனுப்பினால் 2019 ஜனவரி 1 முதல் அந்த வரியை நாம்தான் நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். ஏஜென்சி அதை வாங்கவே கூடாது. வாங்கியதையும் கட்டவில்லை. இனி நான் வட்டியோடு கட்ட வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். சரக்கு, பொய் ஆள், பொய் வரி, திரும்பி வராத முன்பணம். ரூ.5,58,040.

கேட்கப் போனால் முதல் நாள், "விசாரிக்கிறோம் சார், கவலைப்படாதீர்கள்." மூன்றாம் நாள், "மேலாளர் ஃபீல்டில் இருக்கிறார்." ஆறாம் நாள் நேரில் போய் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் குரல் கேட்கிறது, வெளியே இருக்கும் பெண் "சார் வரவில்லை" என்கிறார். கடைசியில் மேலாளர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார்: எந்த நஷ்டம் வந்தாலும் ஏஜென்சியின் பொறுப்பு ஒரு மாதக் கட்டணத்தைத் தாண்டாது. "அதுவும் எங்கள் ஆள் டியூட்டியில் இருந்திருந்தால்தான். வந்தவன் எங்கள் ஆளே இல்லை, பெரியவர் தானாக வைத்துவிட்டுப் போனவன்" என்றார். அப்படியென்றால் அந்த இரண்டு நாளும் பெரியவர் பெயரில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டேன். அதற்குப் பதில்தான் இந்த பிளாக்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது மனசு அதில் இல்லை. லைசென்ஸில் மாநிலமும் தேதியும் படியுங்கள். ராத்திரி ஒருமுறை சொல்லாமல் போய் ஆட்களை எண்ணுங்கள். ரிஜிஸ்டரை உங்கள் சொந்த ஆள் தினமும் எழுதட்டும். சாவியை பூத்தில் விடாதீர்கள். பில்லில் வரி இருந்தால் ஆடிட்டரிடம் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டிய ரசீதைக் கேளுங்கள், அவர்கள் கட்டாவிட்டால் நம் தலையில்தான் வந்து விழும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

பெரியவருக்கு இரண்டு மாதச் சம்பளம் அங்கே பாக்கி. என் புகாரில் அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு அவரும் ஸ்டேஷனுக்கு வருகிறார், அந்த ரிஜிஸ்டர் முன்னால் கைநாட்டு வைத்துக் காட்ட.