ஷவர் ஃபில்டர்: இரண்டு வருடம், எட்டு காட்ரிட்ஜ்

நேற்று லிஃப்டில் பக்கத்து வீட்டுத் தம்பி பிடித்துக்கொண்டான். "அண்ணே, உங்க பாத்ரூமில இருக்கிற ஃபில்டர் எப்படி? இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கவா?" பன்னிரண்டாம் மாடியிலிருந்து கீழே இறங்குவதற்குள் சொல்லி முடிக்கிற கதையா இது?

மாட்டுவது சுலபம். ஒழுகவில்லை, பூச்சும் உரியவில்லை. என் எரிச்சலெல்லாம் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு வரி மீதுதான்: 'கடின நீரை மென்னீராக்கும்.'

ஆக்காது. உள்ளே மாற்றி மாற்றிப் போடும் காட்ரிட்ஜ் என்ற குப்பியில் இருப்பது கரியும் வைட்டமின் சி-யும். குளோரின் வாடையைக் குறைக்கும். இங்கே சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரில் கிருமி ஒழிக்கச் சேர்க்கும் குளோரமைனையும் ஓரளவு முறிக்கும். ஆனால் தண்ணீரைக் கடினமாக்குவது கால்சியமும் மக்னீசியமும். அவற்றைப் பிடிக்க ரெசின் என்ற செயற்கைப் பிசின் மணிகள் வேண்டும். அது கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தை விடும். தீர்ந்துபோனால் உப்புத் தண்ணீரில் அலச வேண்டும். உள்ளங்கை அளவு குப்பிக்குள், ஷவர் கொட்டுகிற வேகத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

மூன்றாவது காட்ரிட்ஜில்தான் சந்தேகம் வந்தது. கடினத்தன்மையை நிறத்தில் காட்டும் சோதனைப் பட்டை வாங்கி, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் நனைத்துப் பார்த்தேன். ஒரே நிறம். அதுவும் மென்னீர்ப் பக்கத்து நிறம்! கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 180-க்கு மேல் மிகக் கடினம் என்பது பொதுவான கணக்கு. நமக்கு வருவது நீர்த்தேக்க மழைநீரும் மலேசியாவின் ஜோகூரிலிருந்து வரும் தண்ணீரும், கழிவுநீரைச் சுத்திகரித்த 'புதுநீரும்', உப்பகற்றிய கடல்நீரும். சுண்ணாம்புப் பாறையில் ஊறிய கிணற்று நீரா என்ன?

கடின நீர் என்றால் ராமநாதபுரத்தில் அம்மா வீட்டு போர்வெல் தண்ணீர். இங்கே தேக்கா கடைத்தெருவில் ஒரே மாதிரி இரண்டு கெட்டில் வாங்கி ஒன்றை அங்கே கொடுத்தேன். மூன்றே மாதத்தில் அடிப்பக்கம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. சூடேறும்போது கரைந்திருக்கும் பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. அம்மா மாதம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொதிக்க விடுகிறார். அங்கே சோப்பு நுரைக்காமல் திரிந்து வாளி விளிம்பில் ஒட்டும். துவைத்த துண்டு காய்ந்தால் அட்டை. என் கெட்டிலில் நாலு வருடத்துக்கு ஒரு மெல்லிய வெண்பூச்சு, அவ்வளவுதான்.

ஷவர் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி வருமே என்றால், வரும். ஃபில்டர் மாட்டியும் வந்தது. குளித்ததும் ரப்பர் துடைப்பானால் வழித்துவிட்டால் போதும். பழைய கறைக்கு வினிகர். பளிங்கு பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். கைகழுவும் மேடையில் நான் சிந்திய இடம் இன்னும் மங்கலாக இருக்கிறது, வீட்டில் அந்தப் பேச்சும் இன்னும் ஓயவில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். வாடை குறைந்தது நிஜம். போன மாதம் கோபத்தில் கழற்றி வைத்தேன். மூன்றாம் நாளே மகள், "அப்பா, தண்ணி குத்துது" என்றாள். முன்பு இதமாக விழுந்தது ஃபில்டரோடு வந்த, நான் கழற்றிவிட்ட பொடித்துளை ஷவர் தலையின் வேலை, தண்ணீரின் மென்மை இல்லை என்று விளக்கினேன். யார் கேட்டார்கள்? மறுபடி மாட்டியாயிற்று.

தம்பிக்கு என் பதில்: வாங்காதே. காட்ரிட்ஜ் ஒன்று 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூன்று மாதத்துக்கு ஒன்று, நீயே கூட்டிப் பார்.

ஒன்பதாவது காட்ரிட்ஜ் இன்று காலை வந்தது. அவன் கண்ணில் படாமல் காய்கறிப் பைக்குள் போட்டு மேலே கொண்டுவந்தேன்.