டைமர் போதுமா, பி.எம்.எஸ். வேண்டுமா?

அலுவலகக் கட்டடம் வைத்திருப்பவர்கள் கரண்ட் பில்லைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி இது. பி.எம்.எஸ். (Building Management System) என்பது கட்டடத்தின் ஏ.சி., விளக்கு போன்றவற்றைக் கணினி மூலம் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் அமைப்பு.

செலவு: டைமர், ஆள் நடமாட்ட சென்சார் என்றால் ஆயிரங்களில் முடியும். பி.எம்.எஸ். என்றால் கன்ட்ரோலர், வயரிங், மென்பொருள், வருடாந்திரப் பராமரிப்பு என்று லட்சங்கள் போகும்.

மிச்சம்: டைமருக்குப் போடவும் அணைக்கவும் மட்டுமே தெரியும். பி.எம்.எஸ். தேவைக்கேற்பக் குறைக்கும். பெரிய லாபம் இங்குதான். வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பொருத்திய ஏ.எச்.யூ. (குளிர்ந்த காற்றை அறைகளுக்கு அனுப்பும் யூனிட்) விசிறியின் வேகத்தை 80 சதவீதமாக்கினால், அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்; மின்தேவை வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறுவதே காரணம்.

பராமரிப்பு: டைமரில் நேரம் தப்பினால் எலக்ட்ரீஷியன் சரிசெய்துவிடுவார். பி.எம்.எஸ்.ஸுக்குப் பழகிய ஆள் வேண்டும். யாரோ புழுக்கம் என்று சொன்ன அன்று தானியங்கிக் கட்டுப்பாட்டிலிருந்து எடுத்து ‘மேனுவல்’ ஆக்கிய ஏ.எச்.யூ., மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓடியதைத் திரையில் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

ஸ்பிளிட் ஏ.சி. மட்டும்தானா? டைமர் போதும், ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள். சில்லர் (கட்டடம் முழுவதற்கும் தண்ணீரைக் குளிரவைக்கும் பெரிய இயந்திரம்) இருந்தால் பி.எம்.எஸ்.தான். அப்புறம், பேக்நெட்டில் (வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் தங்களுக்குள் பேச உதவும் பொது மொழி) பேசுகிற கருவிகளாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்வீர்கள்.